காந்தியடிகளும் கடன் கணக்கும்

காந்தியடிகளின் வரலாற்றை அறியாதவர் நம்மில் எவரும் இலர். உப்புக் காய்ச்சப் புறப்பட்டதையும், பலமுறை சிறை சென்றதையும், 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் தில்லியில் சுடப்பட்டு மாண்டதையும் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். அதையே மறுபடியும் சொல்ல நாம் முன்வரவில்லை. கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு அவர் வாழ்க்கையில் வேறொரு பக்கம் இருக்கிறது. அதுதான் பற்று வரவுப் பக்கம். கடன் என்றால் அவருக்கு அத்தனை அச்சம் ஏன் வந்தது, செப்புக்காசுக்கும் கணக்கெழுதும் வழக்கம் எங்கிருந்து வந்தது, தாய் தகப்பன் அதில் என்ன செய்தார்கள், அவரே தகப்பனானபோது தம் மக்களுக்கு அதில் எவ்வளவு கொடுக்க முடிந்தது என்பதையே எழுதப் புகுந்தோம்.

நம் சங்க ஏட்டில் இவர் சரிதை எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். இவருக்குப் பிழைப்புக் கொடுத்துத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தவர் ஒரு முஸ்லிம் வணிகர். இவர் முதலில் பேரேடு புரட்டிக் கற்றது அந்த வணிகருடைய வழக்குக்காகத்தான். கடல் கடந்து வந்து, தோட்டத்து ஜனங்களுக்கு அரிசியும் பருப்பும் பற்று எழுதிக் கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பி வாழ்ந்த நம் முன்னோருக்கும், டர்பன் நகரத்து மேமன் வியாபாரிகளுக்கும் பெரிய வேற்றுமை ஒன்றும் இல்லை. செர்டாங்கில் நடந்த கதை அங்கேயும் நடந்தது. ஊர்ப்பெயர்தான் வேறு.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரில் உள்ள போர்பந்தரில் மோகன்தாஸ் பிறந்தார். தகப்பனார் கரம்சந்த் காந்தி போர்பந்தரிலும், பிறகு ராஜ்கோட்டிலும், வாங்கானேரிலும் திவானாக இருந்தவர். திவான் என்றால் வீட்டில் பொன்னும் வெள்ளியும் குவிந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அவரோ பணம் சேர்க்கும் ஆசையே இல்லாதவர். மாண்டபோது பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற சொத்து சொற்பம். தாயார் புத்லிபாய் விரதம் பிடிப்பதில் பேர் போனவர். மழைக்காலத்தில் சூரியனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று நேர்ந்துகொள்வார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று மேகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வெயில் தெரிந்ததென்று கூவி அழைப்பார்கள். தாயார் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். அவர் முகம் வாடாமல் உள்ளே திரும்பி வேலையைப் பார்ப்பார். சொன்ன சொல்லைக் காப்பது என்றால் என்ன என்பதைப் பிள்ளை கற்ற பள்ளிக்கூடம் அந்த முற்றம்தான்.

அப்படிப்பட்ட வீட்டிலும் கடன் நுழைந்தது. மோகன்தாஸுக்கு அப்போது வயது 15. அவருடைய தமையன்மாரில் ஒருவர் தாய் தகப்பன் அறியாமல் சுமார் 25 ரூபாய் கடன் பட்டுவிட்டார். அந்நாளில் 25 ரூபாய் என்பது சிறு தொகையன்று. கேட்டு நச்சரிக்கிறார்கள், கொடுக்க வழியில்லை. தமையனார் கையில் கெட்டித் தங்கத்தால் ஆன காப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி விற்றால் கடன் தீரும், யாருக்கும் தெரியாது. வெட்டினார்கள், விற்றார்கள், கடனும் தீர்ந்தது. வெட்டிய கை மோகன்தாஸுடையது.

கடன் தீர்ந்தும் மனம் தீரவில்லை. தகப்பனாரிடம் வாயால் சொல்லத் துணிவு வரவில்லை. அடிப்பார் என்ற பயமன்று, மனம் நொந்துபோவார் என்ற பயம். ஆகவே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினார். செய்ததை ஒப்புக்கொண்டு, தண்டனை கொடுக்கும்படி வேண்டி, தம் பொருட்டுத் தகப்பனார் தம்மையே வருத்திக்கொள்ள வேண்டாம் என்றும், இனி ஒருபோதும் களவு செய்வதில்லை என்றும் எழுதி நடுங்கும் கையோடு கொடுத்தார். தகப்பனார் அப்போது நோயாகப் பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் முத்து முத்தாகக் கன்னத்தில் வழிந்து தாளை நனைத்தது. ஒரு நொடி கண்ணை மூடி யோசித்தார். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை.

நம்மில் எத்தனை பேர் அப்படி இருந்திருப்போம்? மகன் கல்லாவில் கை வைத்தான் என்று தெரிந்தால் முதலில் பெல்ட்டைத் தேடுகிறோம், அல்லது மானம் போய்விடும் என்று மூடி மறைக்கிறோம். கரம்சந்த் காந்தி இரண்டையும் செய்யவில்லை. கடன் மறைவில் வளரும் பண்டம். வெளிச்சத்துக்கு வந்தால் அதற்குப் பலம் போய்விடும். மறைத்த கடனை மகன் தானே கொண்டுவந்து தகப்பன் முன் வைத்ததும், தகப்பன் அதை வாங்கிக்கொண்டதுமே பிற்காலத்தில் இலட்சக் கணக்கான ரூபாய் அந்தக் கையில் புழங்கியும் ஒட்டாமல் இருந்ததற்கு முதல் காரணம் என்பது நம் எண்ணம். 1885-ஆம் ஆண்டில் தகப்பனார் காலமானார்.

மூன்று ஆண்டுகள் சென்றன. பாரிஸ்டர் படிப்புக்கு மோகன்தாஸை இலண்டன் அனுப்பலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் சொன்னார். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் ஏது? மனைவி கஸ்தூரிபாயின் நகைகளை விற்றால் இரண்டாயிரம், மூவாயிரம் கிடைக்கும் என்று மோகன்தாஸ் சொன்னார். மூத்த தமையனார் லட்சுமிதாஸ், எப்படியாவது பணம் தேடித் தருவது தம் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார். தாயார் மூன்று சத்தியங்கள் வாங்கிக்கொண்டுதான் விடை கொடுத்தார். மாமிசம், மது, பிற மாதர் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்பது அந்தச் சத்தியம். பம்பாய்க்கு வந்தால் சாதிக்காரர்கள் கூடிக் கடல் கடக்கலாகாதென்று தடுத்தார்கள். பணத்தை மைத்துனரிடம் கொடுத்து வைத்திருந்தார் தமையனார். சாதிக்கட்டுக்குப் பயந்து மைத்துனர் பணத்தைக் கொடுக்க மறுத்தார். கடைசியில் குடும்ப நண்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கி, அதைத் தமையனாரிடம் வசூலித்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு, 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் கப்பல் ஏறினார். ஆக, அந்தப் பயணமே கடனில் தொடங்கிய பயணம்.

இலண்டன் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைக்குக் கொஞ்சம் தலை திரும்பியது. இதையும் சொல்லத்தான் வேண்டும். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலைநேர உடுப்பு, 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி, ஊரிலிருந்து தமையனாரை அனுப்பச் சொல்லி இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி. நடனம் கற்க மூன்று பவுன், பிடில் வாங்க மூன்று பவுன். இப்படியே சுமார் மூன்று மாதம் ஓடிற்று. பிறகு யோசித்தார். நாம் இங்கே படிக்க வந்தோமா, துரை ஆக வந்தோமா? இந்தக் காசெல்லாம் ஊரில் தமையன் பாடுபட்டு அனுப்புவதல்லவா? பிடிலை விற்றுவிட ஏற்பாடு செய்தார்.

அந்த மூன்று மாத ஆட்டத்திலும் ஒரு பழக்கத்தை அவர் விடவில்லை. செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதி வைத்தார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த செப்புக்காசு எல்லாம் ஏட்டில் ஏறும். இரவு படுக்குமுன் கூட்டி, கைவசம் இருப்பதோடு சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பார். கணக்கு எழுதியபடியால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்தது. குடும்பத்தோடு தங்குவதை விட்டுத் தனி அறை எடுத்தார். அலுவல் நடக்கும் இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்து போகும்படி அறையைத் தேடினார். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் நடந்தார். வண்டிச் சத்தம் மிச்சம், உடம்புக்கும் நோயில்லை. பிறகு அதையும் குறைத்து ஒரே அறை, ஓர் அடுப்பு, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும், இரவு ரொட்டியும் கொக்கோவும். இப்படியாக ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வயிற்றைக் கழுவினார். பிற்காலத்தில் பெரிய பொது நிதிகளை நடத்தியபோது, எந்த இயக்கத்திலும் கடன் நின்றதில்லை, கையிருப்பே நின்றது என்றும், அதற்குக் காரணம் இலண்டனில் பழகிய இந்தக் கணக்கே என்றும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1891-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ்டராகித் திரும்பினார். தாயார் காலமான செய்தி கரையில் காத்திருந்தது. பம்பாயில் வக்கீல் தொழில் ஓடவில்லை. முதல் வழக்கில் 30 ரூபாய் கூலி பேசி, கோர்ட்டில் எழுந்து நின்றதும் நா எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். சீமைப் படிப்புப் படித்தவர் வீடென்று ராஜ்கோட்டில் பீங்கான் கோப்பையும் கொக்கோவும் பூட்ஸும் நுழைந்து வீட்டுச் செலவு ஏறியிருந்தது. வரவோ இல்லை. தமையனாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று தகப்பனில்லாத குடும்பத்தில் தலைமகனாய்ப் பிறந்தவர்கள் அறிவார்கள்.

இந்த நேரத்தில்தான் தாதா அப்துல்லா கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வியாபாரிகள். தென்னாப்பிரிக்காவில் பெரிய வியாபாரம். அங்கே 40,000 பவுன் வழக்கு ஒன்று நடக்கிறது. ஒரு வருஷ வேலை, போகவர முதல் வகுப்புக் கட்டணம், சாப்பாடு ஜாகை போக 105 பவுன் சம்பளம். 1893-ஆம் ஆண்டு ஏப்ரலில் புறப்பட்டார்.

தாதா அப்துல்லா அவர்கள் எழுத்துப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் அனுபவ அறிவு மிகுந்தவர், அந்த அறிவின் பலமும் அவருக்குத் தெரியும். பாங்கு மானேஜர்களோடும் வெள்ளைக்கார வியாபாரிகளோடும் பேசித் தம் காரியத்தை முடித்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் இங்கிலீஷ் வைத்திருந்தார். பாரிஸ்டரோ கணக்குப் பேரேட்டைக் கண்டு விழித்தார். குமாஸ்தா பற்று என்கிறார், வரவு என்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. பி.நோட் என்றால் என்னவென்று அகராதியில் தேடிக் காணாமல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வெட்கப்படாமல் கணக்கியல் புத்தகம் ஒன்று வாங்கிப் படித்தார். வழக்கு முழுதும் கணக்கில்தான் நிற்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது.

எதிர்க்கட்சிக்காரர் பிரிட்டோரியாவிலிருந்த தையிப் ஹாஜி கான் முஹம்மது சேட். தாதா அப்துல்லாவுக்கு உறவினர், ஒரே ஊர்க்காரர். வழக்கு நீண்டால் வக்கீல் கூலியிலேயே இரண்டு வீடும் அழிந்துபோகும் என்று கண்ட இளம் பாரிஸ்டர், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாயிற்று. தையிப் சேட் 37,000 பவுனும் செலவுத் தொகையும் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் நம் போன்றவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். அந்தத் தொகையை ஒரே முட்டாகக் கொடுக்கத் தையிப் சேட்டால் முடியாது. ஒரு காசு குறைத்துக் கொடுக்கவும் அவருக்கு மனமில்லை. திவாலுக்கு எழுதிக் கொடுக்கவோ கூடவே கூடாது. திவாலாவதைவிட மரணம் மேல் என்பது தென்னாப்பிரிக்காவிலிருந்த போர்பந்தர் மேமன்களிடையே எழுதாத சட்டம். ஆகவே ஒரே வழி தவணை. தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர் தவணை கொடுக்க வேண்டுமே! மத்தியஸ்தத்துக்கு இணங்க வைக்கப் பட்டதைவிட இதற்குத்தான் பெரும்பாடு பட்டதாகக் காந்தியடிகள் எழுதுகிறார். முடிவில் தாதா அப்துல்லா பெரிய மனம் பண்ணி, நீண்ட காலத்துக்குப் பரவிய சிறு சிறு தவணைகளுக்கு ஒப்புக்கொண்டார். இருவர் பெயரும் ஊரில் உயர்ந்தது. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கும்படி மார்க்கம் சொல்வதை மதரஸாவில் நாமெல்லாம் ஓதியிருக்கிறோம். ஓதுவது எளிது. 37,000 பவுனுக்குத் தீர்ப்பு வாங்கி வைத்துக்கொண்டு அவகாசம் கொடுப்பது எளிதன்று.

வழக்கு முடிந்தது. ஊர் திரும்ப இருந்தவரை அங்குள்ள வியாபாரிகள் நிறுத்திக்கொண்டார்கள். 1894-ஆம் ஆண்டில் நேட்டால் இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. கடன் வாங்கிப் பொதுவேலை செய்வதில்லை என்பது அவர் முதலிலேயே போட்டுக்கொண்ட கட்டு. வாக்குக் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், வசூலாவதுதான் கணக்கு என்பதை நம் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டொங்காட் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு வியாபாரி வீட்டில் விருந்தாளிகளாக இறங்கினார்கள். ஆறு பவுன் கொடுப்பார் என்று எதிர்பார்க்க, அவர் மூன்றுக்கு மேல் நகரவில்லை. அவர் மூன்று கொடுத்தால் ஊரார் எல்லாரும் அதையே பார்த்துக் கொடுப்பார்கள். சாப்பாடு தயாராயிருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. பசியோடு இராமுழுதும் இருந்தார்கள். வந்தவர்களில் சிலருக்குக் கோபம் பொங்கிற்று, அடக்கிக்கொண்டார்கள். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அந்த மனிதர் இளகி ஆறு பவுனை எண்ணி வைத்து விருந்தும் வைத்தார். இப்படி வந்த பணத்துக்கு ஒன்றுவிடாமல் ரசீது கொடுக்கப்பட்டது.

அந்த நாட்டில் நம் தமிழ் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களில் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் தலைக்கு மூன்று பவுன் வரி என்று 1895-இல் சட்டம் வந்தது. புருஷன், பெண்சாதி, 16 வயதுக்கு மேற்பட்ட மகன், 13 வயதுக்கு மேற்பட்ட மகள் என நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன். அந்தக் குடும்பத் தலைவனுக்கு மாதச் சம்பளமோ 14 ஷில்லிங்கைத் தாண்டாது. கூட்டிப் பார்த்தால் வருஷ வரவெல்லாம் எட்டுப் பவுனும் சில்லறையும்தான். பிறந்த குற்றத்துக்குக் கடனாளி ஆக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த வரி 1914-இல்தான் ஒழிந்தது. வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கண்ணுக்குத்தான் இப்படிப்பட்ட அநியாயம் எண்ணாகத் தெரியும் என்று நமக்குத் தோன்றுகிறது. சிக்கனமாயிரு, கடன் வாங்காதே என்று தோட்டத்து ஜனங்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் முதலில் அவர்களுடைய சம்பளத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். நம் பெற்றோர் கடைகளில் 555 இலக்கமிட்ட சின்னப் புத்தகத்தில் பற்று ஏறியதெல்லாம் ஊதாரித்தனத்தினால் அன்று.

1901-இல் இந்தியா திரும்பப் புறப்பட்டபோது வழியனுப்பு விழாவில் நண்பர்கள் தங்கமும் வெள்ளியும் வைரமும் பரிசாகக் குவித்தார்கள். அதில் 50 கினி விலையுள்ள தங்க மாலை கஸ்தூரிபாய்க்கென்று கொடுத்தது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பொது வேலைக்கு வந்த பரிசு பொதுச் சொத்தே என்று முடிவு கட்டி, பார்ஸி ருஸ்தம்ஜி முதலானோரைத் தர்மகர்த்தாக்களாகப் போட்டுப் பத்திரம் எழுதினார். பிள்ளைகள் சம்மதித்தார்கள். கஸ்தூரிபாய் சம்மதிக்கவில்லை. எனக்கு வேண்டாம், நாளைக்கு வரும் மருமகள்களுக்கு வேண்டாமா, என் நகைகளையும் முன்பே வாங்கிக்கொண்டீர், பிள்ளைகளை இப்போதே சாமியாராக்கப் பார்க்கிறீர் என்ற கருத்தில் அழுது வாதாடினார். கடைசியில் கணவர் சொல்லே நின்றது. பொதுப்பணத்தைப் பற்றி அவர் செய்தது சரியே. ஆனாலும் அந்தத் தாய் சொன்னதில் நியாயமே இல்லையென்று நம்மால் தள்ள முடியவில்லை. நாளைக்கு என்று ஒரு சொல் பெண்பிள்ளைகள் வாயில்தான் முதலில் வருகிறது.

பம்பாயில் இருந்த சில மாதங்களில் ஓர் அமெரிக்க ஏஜெண்டு வந்து இன்ஷூரன்ஸைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசினார். மனைவி நகையெல்லாம் போய்விட்டது, நாளைக்கு ஒன்றானால் பாரம் முழுதும் தமையன் தலையில்தானே விழும் என்று நினைத்து 10,000 ரூபாய்க்குப் பாலிஸி எடுத்தார். தென்னாப்பிரிக்காவுக்கு மீண்ட பிறகு மனம் மாறிற்று. உலகத்தில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் ஆண்டவனை நம்பி வாழ, தம் மனைவி மக்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதற்கென்று தவணை கட்டாமல் பாலிஸியை விட்டுவிட்டார். தமையனாருக்கும் எழுதினார்: இதுவரை மிச்சமானதெல்லாம் அனுப்பினேன், இனி மிச்சமாவது இங்குள்ள ஜனங்களுக்கே என்று. சீமைப் படிப்புக்காகத் தம்மை உருக்கிக்கொண்ட லட்சுமிதாஸ் பொறுப்பாரா? தகப்பனைப் போலக் குடும்பத்தைத் தாங்க வேண்டியவன் இப்படி எழுதலாமா என்று கடிந்து எழுதி, பல காலம் தொடர்பையே நிறுத்திக்கொண்டார். 1914-இல் இறப்பதற்குச் சற்று முன்னர்தான் மனம் ஆறி, தம் பிள்ளைகளைத் தம்பியிடம் ஒப்படைத்து எழுதினார்.

கணக்கில் கண்டிப்பான இந்த மனிதரும் ஒருமுறை வழுக்கினார். ஜோஹானஸ்பர்க்கில் மரக்கறி உணவுச் சாலை நடத்திய ஒரு மாது பணம் கேட்க, தம்மிடம் பணம் ஒப்படைத்திருந்த பத்ரி என்ற கட்சிக்காரரின் சம்மதம் பெற்று ஆயிரம் பவுன் கொடுத்தார். மூன்று மாதத்தில் பணம் திரும்பாதென்று தெரிந்தது. சம்மதித்தவர் அவரை நம்பித்தான் சம்மதித்தார் என்பதால் முழுத் தொகையையும் தம் கையிலிருந்தே கட்டினார். அமானிதப் பணத்தை நல்ல காரியத்துக்குக்கூடத் தொடலாகாது என்பது அவருக்கு ஆயிரம் பவுன் செலவில் கிடைத்த பாடம்.

இனித் தகப்பனாகப் பார்ப்போம். மூத்த மகன் ஹரிலால் பிறந்தது 1888-இல். அதே ஆண்டில் தகப்பன் இலண்டன் போனார். திரும்பி வந்து இரண்டாண்டுக்குள் தென்னாப்பிரிக்கா போனார். பிள்ளை நடை பழகிய காலத்திலும், எழுத்துப் பழகிய காலத்திலும் தகப்பன் தபாலில்தான் இருந்தார். சபராளிகளின் வீட்டில் பிறந்த நமக்கு இது புதிதன்று. ஹரிலால் பெரியவனாகித் தகப்பனோடு தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சேர்ந்து பலமுறை சிறை சென்றார், கெட்டிக்காரர். அவருக்குத் தகப்பனைப் போலப் பாரிஸ்டராக வேண்டும் என்று ஆசை. டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா உதவிப்பணம் கொடுக்க முன்வந்தார். காந்தியடிகள் அதைத் தம் மகனுக்குக் கொடுக்கவில்லை, உறவுப் பையன் ஒருவருக்கும், பிறகு ஒரு பார்ஸி இளைஞருக்கும் கொடுத்தார். 1911-இல் ஹரிலால் தகப்பனைப் பிரிந்து இந்தியா வந்தார். மெட்ரிகுலேஷன் தேறவில்லை. 1918-இல் மனைவி குலாப் விஷக்காய்ச்சலில் மாண்டார். அதற்குப் பின் அவர் வாழ்வில் குடியும் கடனும் புகுந்தன.

இரண்டாம் மகன் மணிலால் ஆசிரமத்தில் இருந்தவர். தம் பொறுப்பிலிருந்த பணத்தில் கொஞ்சத்தை, தொல்லையிலிருந்த அண்ணனுக்குக் கடனாகக் கொடுத்தார். தெரிந்ததும் தகப்பனார் அவரை ஆசிரமத்தைவிட்டே அனுப்பிவிட்டார். காந்தியின் மகன் என்று சொல்லிக்கொள்ளாமல் சென்னைக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்பது கட்டளை. அங்கே ஜி. ஏ. நடேசன் அவருக்கு ஆதரவாயிருந்தார். காப்பை வெட்டிய பிள்ளையின் தாளைக் கிழித்துப் போட்ட தகப்பனையும், அண்ணனுக்கு இரங்கிய பிள்ளையை வெளியே அனுப்பிய தகப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இரண்டாமவர் பொதுப்பணத்தின் காவலர், கண்டிப்பு வேண்டியதுதான். இரண்டு வீட்டிலும் கடன் பட்டவன் அண்ணன், கை கொடுத்தவன் தம்பி. இதைப் பற்றி நாம் பலமுறை யோசித்ததுண்டு. 1929-இல் அந்நியர் கொடுத்த நாலு ரூபாயைக் கஸ்தூரிபாய் ஆசிரமக் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்தார் என்று தம் பத்திரிகையிலேயே ஊரறிய எழுதினார் காந்தியடிகள். அப்போது அந்த அம்மையாருக்கு வயது அறுபது.

மணிலால் 1917-இல் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி, தகப்பனார் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை 1956-இல் மரணமடையும்வரை விடாமல் நடத்தினார். தண்டனை பெற்ற பிள்ளை தகப்பனின் சுமையைத் தூக்கினார்.

மூத்தவர் கல்கத்தாவில் வியாபாரத்தில் இறங்கினார். அகில இந்திய ஸ்டோர்ஸ் என்ற கம்பெனியில் அவர் ஒரு டைரக்டர். பஞ்சாபில் லயால்பூரைச் சேர்ந்த, இன்று பைசலாபாத் என்று பெயர் வழங்கும் அந்த ஊரைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர், மகாத்மாவின் மகன் இருக்கிறாரே என்று நம்பி அதில் பணம் போட்டார். கடிதத்துக்குப் பதில் இல்லை, கம்பெனி இருக்கும் இடமும் தெரியவில்லை. வக்கீல் மூலம் காந்தியடிகளுக்கு எழுதினார். 1925 ஜூன் மாதத்தில் யங் இந்தியா பத்திரிகையில் அந்தக் கடிதத்தையே அச்சிட்டுப் பதிலும் எழுதினார் தகப்பனார். அந்த டைரக்டர் தம் மகன்தான் என்று ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகளாகத் தங்கள் வழிகள் வேறு என்றும், அந்தக் கம்பெனியில் தமக்குப் பங்கோ பேச்சோ இல்லை என்றும் எழுதினார். மகன் பணக்காரனாக விரும்புகிறான், அதுவும் எளிதாக விரும்புகிறான் என்றார். செல்வமும் பேரும் தரும் தொழிலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யத் தமக்கு வாய்ப்பு இருந்தும் செய்யவில்லை என்ற குறை அவன் மனத்தில் இருக்கலாம் என்றும் மறைக்காமல் எழுதினார். பெரிய பேர்களை நம்பிப் பணம் போடவேண்டாம், மனிதர் நல்லவராயிருந்தால் மக்களும் அப்படியே இருப்பார்கள் என்று கொள்ள வேண்டாம் என்று ஜனங்களை எச்சரித்தார்.

பிற்காலத்தில் ஹரிலால் மார்க்கம் மாறியதும் திரும்பியதும் ஊரறிந்த கதை, அது நம் பேச்சுக்கு உரியதன்று. தகப்பனாரோ தாம் நடத்திய நிதிகளுக்கெல்லாம் கடைசிவரை சரியாகக் கணக்குக் காட்டினார். 1948-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மாண்டார். அதே ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், ஐந்து மாதம் முடியுமுன், பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஹரிலாலும் மாண்டார்.